துப்பாக்கிக்கு வாரிசானோம்

நாமகிரிப்பேட்டை என்றதும் வியாபாரிகளுக்கு மஞ்சள் ஞாபகம் வரும். சங்கீதப் பிரியர்களுக்குக் கிருஷ்ணனின் நாகஸ்வரம் காதில் ஒலிக்கும். துப்பாக்கி யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் நமக்கோ, சில வருஷங்களாக அந்த ஊரை நினைத்தாலே ஒரு பழைய துப்பாக்கியும், அதன் பின்னால் ஒரு கட்டுக் காகிதமும் கண்ணெதிரே வந்து நிற்கின்றன.

நமது தகப்பனார் மலையடிவாரத்தில் மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிட்டு வந்தவர். கிழங்கு திரளும் சமயத்தில் காட்டுப் பன்றிகள் கூட்டமாக இறங்கும். ஓர் இரவு போதும். வருஷத்து உழைப்பெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும். இதற்காகவே அவர் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் பெற்று, குழாயின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். அதில் அவர் ரவை போட்டு நாம் பார்த்ததில்லை. வெறும் மருந்தைக் கெட்டித்து வானத்தை நோக்கி வெடிப்பார். சத்தம் மலையில் மோதித் திரும்பும், பன்றிகள் ஓடிவிடும்.

அவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, மாமா ஒருவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை, நிலம் உங்கள் பேருக்கு வந்துவிடும், துப்பாக்கி அப்படி வராது. லைசென்ஸ் மச்சானோடு போய்விட்டது. இனி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், தெரியுமுங்களா?" என்றார்.

திடுக்கிட்டுப் போனோம். விசாரித்ததில் மாமா சொன்னது உண்மை என்றே தெரிந்தது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமற் போன ஆயுதத்தைத் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலாவது, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமாவது ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பேருக்கு மனுப் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையிலேயே துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று ஒப்படைத்து, ரசீது பெற்றோம். இத்துடன் பாதி வேலை முடிந்தது என்று எண்ணினோம். என்ன பேதைமை!

வாரிசுச் சான்று, சகோதரிகளின் சம்மதக் கடிதம், வைத்தியரின் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாக வைப்போம் என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் சேர்த்து மனுக் கொடுத்தோம். சேலம் ஜில்லாவிலிருந்து நாமக்கல் பிரிந்தது 1997 ஜனவரி 1-ந் தேதி. தகப்பனாரின் லைசென்ஸோ அதற்கு முந்தியது. பழைய கட்டுகள் ஓரிடத்திலும் புதிய கட்டுகள் வேறிடத்திலும் இருந்தன. கடைசியில் ஓர் ஆபீஸில், "இந்த நம்பர் துப்பாக்கி எங்கள் ரிஜிஸ்தரில் இல்லையே!" என்று கைவிரித்தார்கள். லைசென்ஸ் புஸ்தகத்தில் கடைசி எண் 3, ரிஜிஸ்தரில் 8. எப்போதோ யாரோ படி எடுக்கையில் செய்த பிழை. அதற்காக ஐந்து மாதம் நடந்தோம். போகும்போதெல்லாம் அதே பெஞ்சி, அதே பதில்.

அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கையில் நமது மனம் 1878-ஆம் வருஷத்துக்குப் போகும். லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாயிருந்தபோது வந்த ஆயுதச் சட்டம், இந்தியன் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு அது வேண்டியதில்லை என்று விலக்கும் அளித்தது. சொந்த நாட்டில் இருப்பவன் சந்தேகத்துக்குரியவன், கப்பலில் வந்தவன் நம்பத்தக்கவன்! அஹிம்சையே உருவான காந்தியடிகள் கூட 1930-ல் சர்க்காரிடம் கேட்ட பதினோரு அம்சங்களில், தற்காப்புக்கான ஆயுத லைசென்ஸையும் ஒன்றாக வைத்தார். அந்த லைசென்ஸ் ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதையும் சேர்த்தே சொன்னார். "சுயராஜ்யம் வந்தும் இந்தப் பெஞ்சி போகவில்லையே!" என்று நாம் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கொல்லிமலைக்காரர்; பட்டா விஷயமாக வந்தவர். நமது கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம் கதையைச் சொன்னார். அவருடைய தம்பி மகன், இருட்டில் ஆடு தேடிப் போனவன், குண்டு பட்டு இறந்துவிட்டானாம். புதரில் அசைந்ததைப் பன்றி என்று நினைத்து யாரோ சுட்டிருக்கிறார்கள்.

"அது லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிங்க. யாருடையதென்று இன்று வரைக்கும் தெரியலைங்க. உங்களுடையதற்கு ஒரு நம்பராவது இருக்குதுங்களே!" என்றார்.

நமக்குப் பேச்சு எழவில்லை. மூன்றா எட்டா என்று ஐந்து மாதமாக நாம் சலித்துக்கொண்ட அந்த எண்ணின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. இந்த ஆயுதத்துக்கு நான் பதில் சொல்வேன் என்று ஒருவன் ஊரறியப் பேர் கொடுப்பதே அந்த எண். தம்பி மகனைக் கொன்ற துப்பாக்கிக்கு அப்படிப் பதில் சொல்ல யாருமில்லை.

பிறகு சட்டத்தை வேறு கண்ணோடு படித்தோம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஏழைக் குடியானவனும் மிராசுதாரும் அதன் முன் ஒன்றுதான். ஆனால் ஆபீஸ்களின் அசிரத்தையை நாம் மன்னித்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பேர் கொடுக்க வருகிறவனை ஐந்து மாதம் அலைக்கழித்தால், அடுத்த வீட்டுக்காரன் பேர் கொடுக்காமலே இருந்துவிடுவான். நேர்மையானவனுக்கு வழியை எளிதாக்குவதும் சர்க்காரின் கடமையல்லவா?

எண் திருத்தப்பட்டது, லைசென்ஸும் வந்தது. 2019-ஆம் வருஷத் திருத்தத்தின் பயனாக, மூன்று வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். பன்றியோ 1972-ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்தின் அடைக்கலத்தில் இருக்கிறது. பயிர் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பன்றியை நம் இஷ்டப்படி சுட்டுவிட முடியாது. ஆகவே நாமும் தகப்பனாரைப் போல வானத்தைத்தான் சுடுகிறோம்.

தேர்தல் வந்தபோது துப்பாக்கியை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. வரிசையில் நின்றோம். நமக்கு முன்னால் காரில் வந்த ஒரு பெரிய மனிதர்; பின்னால் வெறுங்காலுடன் ஒரு குடியானவர். மூவருக்கும் ஒரே மாதிரி ரசீது. 1878-ல் இந்த வரிசையில் நிற்கத் தேவையில்லாத ஒரு ஜாதி இருந்தது, இன்று இல்லை. வெயில் கடுமைதான். ஆயினும் அன்று நாம் முணுமுணுக்கவில்லை.