கம்பியிற் கனலும் கணக்கு

அழுத்தவேறுபாட்டை ஓட்டத்தால் வகுக்கக் கிடைப்பது தடை. அவ்விரண்டையும் பெருக்கக் கிடைப்பது வலு. முன்னதற்கு அடிப்படையான விதியை ஜேர்மனியரான ஜோர்ஜ் சைமன் ஓம் 1827 இல் நூலாக வெளியிட்டபோது அதனை மதித்தோர் சிலரே. 1841 இலேயே இலண்டன் றோயல் சங்கம் கொப்ளி பதக்கம் வழங்கி அவரைப் பாராட்டியது. இன்று பாடசாலை மாணவரும் அவ்விதியை ஒப்புவிப்பர். ஆயினும், பரீட்சைத் தாளிற் செய்த கணக்கைத் தாம் உறங்கும் அறையிற் செய்து பார்ப்போர் அரியர்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருவர் மூவராய்த் தங்கிப் படிப்போரை எண்ணிப் பார்க்கலாம். சுவரில் இருப்பது ஒரே பிளக்கு. அதிலிருந்து மெல்லிய நீட்டிப்புக் கம்பியொன்று கட்டிலின் கீழாகச் செல்கின்றது. காலையில் ஒருவர் சட்டைக்கு மின்னழுத்தியைச் சூடாக்குகிறார். மற்றவர் தேநீருக்குக் கேத்தலை வைக்கிறார். முன்னது 1000 வாற்று. பின்னது 2000 வாற்று. வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று. ஆகவே மின்னழுத்தி 4.35 அம்பியரையும் கேத்தல் 8.7 அம்பியரையும் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 13 அம்பியர். அவற்றின் தடைகள் முறையே 53 ஓம், 26 ஓம். தடை குறைந்த கருவியே கூடிய வலுவைப் பெறுகின்றது.

கம்பிக்கும் தடை உண்டு. அதனை அரை ஓம் எனக் கொள்வோம். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க, கம்பியில் வெப்பமாகும் வலு கிடைக்கும். மின்னழுத்தி மட்டும் இயங்குகையில் அது 9.5 வாற்று, இரண்டும் இயங்குகையில் 85 வாற்று. ஓட்டம் மும்மடங்காக, வெப்பம் ஒன்பது மடங்காயிற்று. தளர்ந்த பிளக்கிலோ நிலைமை இன்னும் கொடிது. அங்கே 0.2 ஓம் தடை தோன்றினாலும் 34 வாற்று ஒரு புள்ளியிற் குவியும். வானொலி திருத்துவோர் ஈயத்தை உருக்க 25 வாற்றுக் கோல் போதுமே! கசிவோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ‘ட்றிப் சுவிச்சு’ இவ்வெப்பத்தை அறியாது. 15 அம்பியர் உருகியும் 13 அம்பியருக்கு உருகாது.

இதே வர்க்கக் கணக்கை நாட்டின் பொறியியலாளரும் எதிர்கொண்டனர். நீர்வலுவை நாட்டுக்குப் பயன்படுத்த வேண்டுமென டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்தார். லக்சபான நிலையம் 1950 இல் 25 மெகாவாற்றுடன் இயங்கத் தொடங்கிற்று. அவ்வலுவை 230 வோல்ற்றிலேயே கொழும்புக்கு அனுப்பியிருப்பின் இலட்சம் அம்பியருக்கு மேல் ஓடவேண்டியிருக்கும். வழியிலேயே பெரும்பகுதி வெப்பமாகிவிடும். ஆகையால் அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைத்தனர்.

அறையில் வாழ்பவரால் அழுத்தத்தை உயர்த்த இயலாது. அவருக்கு உள்ள வழிகள் இரண்டு: ஓட்டத்தைக் குறைத்தல், அல்லது கம்பியைத் தடிப்பாக்கல். முன்னதற்குச் செலவில்லை, ஒருவர் சட்டையை அழுத்தி முடிக்கும்வரை மற்றவர் தேநீருக்குப் பொறுத்திருந்தாற் போதும். பின்னதற்குச் செலவுண்டு, அதனை வீட்டுக்காரர் ஏற்பதா, குடியிருப்பவர் ஏற்பதா என்ற பேச்சு மாதக்கணக்கில் நீளும். அப்பேச்சு முடியும்வரை கம்பி பொறுத்திருக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை உணர்பவர், கட்டிலில் உறங்கும் தோழரின் உயிருக்கும் சேர்த்தே அக்கணக்கைச் செய்கிறார்.