280 அடிக்கு எவ்வளவு காற்று?

ஆட்டோகாக்கர் என்ற மார்க்கரை, அதாவது பெயின்ட்பால் துப்பாக்கியை, வைத்திருக்கும் இருவர் மைதானத்தில் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடும்: "உங்களுடையது எத்தனை பி.எஸ்.ஐ.யில் ஓடுகிறது?" காற்றழுத்தத்தைச் சொல்லும் இந்த எண் குறையக் குறைய மரியாதை கூடும். எனக்கும் குறைந்த அழுத்தம் பிடிக்கும். ஆனால் குறைந்த அழுத்தம் வேறு, குறைந்த காற்றுச் செலவு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து மார்க்கரைத் திருகுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

மார்க்கர் சுடும் பெயின்ட் உருண்டையின் எடை சுமார் 3 கிராம். இங்கே அமெரிக்காவில் பல மைதானங்கள் அனுமதிப்பது விநாடிக்கு 280 அடி வேகம். அந்த வேகத்தில் உருண்டை கொண்டிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 11 ஜூல். அழுத்தத்தைக் குறைத்தால் அதே 11 ஜூலுக்குக் கூடுதல் கன அளவுக் காற்று போயாக வேண்டும். அது தாராளமாகப் பாய, காற்றைத் திறந்துவிடும் வால்வும் உருண்டையைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டும் இடம் தர வேண்டும். வழி குறுகலாக இருக்கும்போது மீட்டரில் 200 பி.எஸ்.ஐ. காட்டுவதில் பயன் இல்லை. வால்வு நெடுநேரம் திறந்து கிடக்கும். உருண்டை பேரலை விட்டுப் போன பிறகும் காற்று பின்னாலேயே வீணாகப் போய்க்கொண்டிருக்கும். காதைக் கொடுத்தால் இது கேட்கும். சரியான சுடுதலின் சத்தம் சட்டென்று அறுந்து நிற்கும். வீணான சுடுதலுக்கு ஒரு நீண்ட வால் இருக்கும்.

அழுத்தத்தைக் குறைப்பதில் உண்மையான லாபம் இரண்டு. மெல்லிய ஓடுள்ள நல்ல உருண்டை பேரலுக்குள் உடையும் வாய்ப்பு குறையும். சிலிண்டர் காலியாகும் நேரத்திலும் கூடுதலாகச் சில சுற்று கிடைக்கும்: 450-இல் ஓடும் மார்க்கர் கைவிடும் சிலிண்டரில், 250-இல் ஓடுவது இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும்.

மார்க்கரை டியூன் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அழுத்தத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் பொருத்தம் பார்ப்பதுதான். ஆட்டோகாக்கரில் வால்வைத் திறப்பது ஹேமரின் அடி. மூடுவது வால்வு ஸ்பிரிங்கும், உள்ளே அடைபட்டிருக்கும் காற்றும் சேர்ந்து. ஆகவே ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை ஏற்றும்போது வேகம் ஓர் எல்லை வரைதான் ஏறும். அதற்கு மேல் காற்றே வால்வை இறுக்கிப் பிடிக்க, திறப்பு சுருங்கி, வேகம் இறங்கத் தொடங்கும். வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் கருவிதான் கெட்டுவிட்டது என்பார்கள். இல்லை, அந்த உச்சிக்குச் சற்றுக் கீழேதான் நாம் நிற்க வேண்டும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு 200 பி.எஸ்.ஐ. அருகில் தொடங்குவேன். கால் சுற்று ஏற்றி, இரண்டு மூன்று சுட்டு நிலைப்படுத்தி, பிறகுதான் எண்ணை நம்புவேன். உச்சி 280-க்கு மேல் போனால், வேகத்தைக் குறைக்க ரெகுலேட்டரில் கை வைப்பதில்லை. ஹேமர் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, மறுபடி அழுத்தத்தைக் கீழிருந்து ஏற்றி வருவேன். இதற்குப் பொறுமை வேண்டும். இடையில் மீட்டர் முள்ளையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சுடுதலிலும் அது விழுந்து உடனே எழுந்து நிற்பது நல்லது. எழுந்த பிறகும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டரின் சீட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்றாமல் செய்யும் டியூனிங் எல்லாம் வீண்.

டைமிங்கும் காற்றைத் தின்னும். விசையை இழுக்கும்போது முதலில் ஹேமர் விழ வேண்டும், அதன் பிறகே போல்ட்டைப் பின்னிழுக்கச் செய்யும் த்ரீ-வே வால்வு மாற வேண்டும். இரண்டும் நெருங்கிவிட்டால் சுட்ட காற்று அடங்குவதற்குள் போல்ட் பின்வாங்கி, காற்று மேலே ஏறும். மேலேயுள்ள உருண்டைக் கூடான ஹாப்பரில் உருண்டைகள் துள்ளும். முன்புறத்து லோ பிரஷர் ரெகுலேட்டரும், போல்ட்டோடு இணைந்த பின் பிளாக்கைத் தயக்கமில்லாமல் தள்ளும் அளவுக்குக் காற்று தந்தால் போதும்.

இவ்வளவுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பேரல். உருண்டையின் ஓடு ஜெலட்டின். ஈரக்காற்றில் ஊதும், வறண்ட நாளில் சுருங்கும். பேரலைக் கழற்றி, செங்குத்தாகப் பிடித்து, உருண்டையைப் போடுங்கள். தானாக விழுந்து ஓடினால் துளை பெரிது. சுற்றிலும் காற்று ஒழுகும், வேகமும் நிலையாக இராது. தங்கி நின்று, வாயால் லேசாக ஊதினால் வெளியேறுவதே பொருத்தம். விலை உயர்ந்த வால்வு வாங்குமுன் இரண்டு மூன்று துளை அளவில் பேரலின் பின்பகுதி வாங்குங்கள் என்றுதான் புதியவர்களிடம் சொல்வேன்.

எல்லாம் அமைந்ததும் பெயின்ட்டின் பெயர், பேரல் அளவு, அழுத்தம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மார்க்கர் பெட்டிக்குள் ஒட்டிவிடுவேன். அடுத்த வாரம் பெயின்ட் மாறினால் முதலில் பேரலை மாற்றுவேன். அதிலும் வேகம் ஒத்துவராவிட்டால் ஹேமர் ஸ்பிரிங்கில் கால் சுற்று. ரெகுலேட்டரைத் தொட வேண்டிய தேவை அநேகமாக வராது.