18 கிலோ

கேமரன் மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் சாயங்கால நிறுவைக்கு இரண்டு தராசு, ஒரே பேரேடு. ஒருநாள் அம்மா ஒரு மூட்டையோடு வரிசையில் நின்றார். மழை வரும்போல இருந்தது. இன்னொரு மூட்டையை நான் அடுத்த தராசுக்கு இழுத்துப் போனேன். கிராணிகள் இருவருமே அம்மா பெயருக்கு நேரே இருந்த 42-ஐப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் 18-ஐக் கூட்டி 60 என்று எழுதினார். மற்றவர் மனதில் இன்னும் 42தான். 15-ஐக் கூட்டி, 60-ஐத் தப்பென்று அடித்து, 57 ஆக்கினார். வரவேண்டியது 75. அம்மாவின் 18 கிலோ போயே போச்சு. கேட்டும் பலனில்லை.

போன மாதம் என் நிரலில் இரண்டு த்ரெட்கள் ஒரே எண்ணைக் கூட்டி இதே கூத்தை அடித்தன. மியூடெக்ஸ் போட்டேன். லினக்ஸில் அதற்கு அடியில் இருப்பது ஃப்யூடெக்ஸ். ஹூபர்டஸ் ஃப்ராங்கே, ரஸ்டி ரஸ்ஸல், மாத்யூ கிர்க்வுட் மூவரும் 2002-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். போட்டி இல்லாதபோது கெர்னலைத் தொந்தரவு செய்வதில்லை. நினைவகத்தில் ஒரு எண்ணை மாற்றினால் பூட்டு நம் கையில். வேறு யாராவது பிடித்திருந்தால்தான் கெர்னலிடம் போய்த் தூங்குவது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்: தூங்க வைக்குமுன் கெர்னல் அந்த எண்ணை மறுபடி பார்க்கும். இடையில் மாறியிருந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடும். இல்லாவிட்டால் எழுப்பும் குரல் முன்பே வந்து போயிருக்கும், தூங்கியவன் தூங்கியவன்தான்.

அம்மாவிடம் சொன்னேன். "பேனா ஒண்ணுதான்னு வச்சிருந்தா முடிஞ்சதுலா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வரிசையில நில்லுன்னு சொன்னேன். நீதான் அந்தப் பக்கம் ஓடுன."