கெயினும் மாஸ்டரும்

எங்க வீட்டில் டிப்ளமோ என்ற சொல்லே என்னோடுதான் நுழைந்தது. அப்பா சோமனூரில் தறி ஓட்டுகிறார்.

போன மாரியம்மன் நோம்பிக் கச்சேரியில் கிட்டார் அண்ணனின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒரே கரகரப்பு. "என்ற பையன் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கறானுங்க" என்று அப்பா என்னை மேடைக்கே இழுத்துப் போய்விட்டார். ஊரே பார்க்கிறது. லேபில் நான் தொட்டதெல்லாம் டிரான்சிஸ்டர்தான்!

கெயின் எட்டில், மாஸ்டர் இரண்டில் இருந்தது. சத்தம் குறையட்டும் என்று மாஸ்டரை மட்டும் இறக்கியிருக்கிறார்கள். சி.ஆர்.ஓ. திரையில் உள்ளீட்டைக் கூட்டினால் அலையின் உச்சி தட்டையாகுமே, அது நினைவுக்கு வந்தது. முன்னால் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100. அங்கேயே அலை வெட்டுப்படுகிறது. மாஸ்டர் அதற்குப் பின்னால்தான் வருகிறது. (ராக் இசைக்காரர்களுக்கு அந்தக் கரகரப்பே உயிர். மார்ஷல் கம்பெனி 1975-ல் 2203 மாடலில் மாஸ்டர் வைத்ததே, குறைந்த சத்தத்திலும் அது கிடைக்கத்தான். நம்முடையது மெலடி ஆச்சே!)

கெயினை மூன்றுக்கு இறக்கி, மாஸ்டரை ஆறுக்கு ஏற்றினேன். தந்தி மணியாகப் பேசியது.

"என்ன கண்ணு பண்ணுன?"

"பாவுலயே நூல் அறுந்திருந்தா, துணிய மடிக்கறப்பச் சரியாகுமுங்களாப்பா?"

அப்பா சிரித்தார். கச்சேரி முடியும்வரை முன்வரிசையை விட்டு எழவே இல்லை.