அம்புக்குறியும் அதன் எண்ணும்

மாந்தர் தம் கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்த வகுத்த குறிகளுள் அம்புக்குறி மிக எளியது. எழுத்தறியாதாரும் அது காட்டும் வழியே செல்வர். தாளில் அதனை வரைய ஒரு கோடும் அதன் நுனியில் இரு சிறு கோடுகளும் போதும். ஆயின் கணிப்பொறியில் எழுதப் புகுவார், விசைப்பலகை முழுவதும் தேடினும் அம்பை எழுதும் விசையைக் காணார். அங்குள்ள அம்புவிசைகள் எழுதுமிடத்தை நகர்த்துவனவேயன்றி அம்பை எழுதுவன அல்ல.

தமிழிலக்கணம் பயிலும் எம்மனோர்க்கு இக்குறி இன்றியமையாதது. கன்னடத்தார் 'கிவி' என்பதனை யாம் 'செவி' என்கின்றோம். இவ்விரண்டனுள் ககரமே முந்தியது என்றும், அது தமிழிற் சகரமாய்த் திரிந்தது என்றும் மொழிநூலார் கூறுவர். இதனைக் குறிப்பேட்டில் 'க் → ச்' என்று சுருங்க எழுதுகின்றோம். அம்பு திரும்பின் வரலாறே திரும்பும். அம்பு மறையின் ஈரெழுத்துக்கள் வெறிதே அடுத்தடுத்து நிற்கும்.

நிற்க. சென்ற பருவத்தில் எம் வகுப்புத் தோழர் ஒருவர், ஒலித்திரிபு பற்றித் தாம் தட்டெழுதிய கட்டுரையை மின்னஞ்சலில் எமக்கு விடுத்தார். அதன்கண் அம்பு நிற்கவேண்டிய இடந்தோறும், தலையிற் சாய்கோடு ஒன்றைச் சுமந்த உரோம எழுத்தாகிய 'ஏ' நின்றது! தோழரது திரையிலோ அம்புகள் செம்மையாகவே இருந்தன. மறுநாட் காலையிற் கட்டுரையை ஆசிரியரிடம் ஒப்புவித்தல் வேண்டும். ஆதலின் இருவரும் கூடிக் காரணம் ஆராயலானோம்.

கணிப்பொறி வடிவத்தை அறியாது, எண்ணையே அறியும். தோழர் இரு சிறுகோடுகளையும் 'பெரிது' என்னும் குறியையும் அடுத்தடுத்துத் தட்ட, சொற்செயலி தானே அவற்றை அம்பாக மாற்றியிருந்தது. அவ்வம்போ, படக்குறிகளுக்கென அமைந்த ஓர் எழுத்துருவில் 224 என்னும் இடத்தில் வைத்த படமேயாகும். கட்டுரையை வெறும் எழுத்தாகப் படியெடுத்து அனுப்பியபோது எழுத்துரு நீங்கிற்று. எண் மட்டும் எஞ்சிற்று. மேலையைரோப்பிய எழுத்தட்டவணையில் 224 என்பது அச்சாய்கோட்டு 'ஏ'யின் எண். ஆடை களைந்தவழி ஆள் வேறாயினமை அப்பொழுதே விளங்கிற்று.

பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் இத்தகையனவே. உரோம எழுத்துக்களின் எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தமையால், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் தமிழ்க்கட்டுரை பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாயிற்று.

அம்பின் இடர்ப்பாடும் பழையதே. அமெரிக்கர் 1963-இல் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் மேல்நோக்கிய அம்புக்கும் இடநோக்கிய அம்புக்கும் இடம் இருந்தது. 1967-இல் அவ்விடங்களைக் கூரைக்குறியும் அடிக்கோடும் கைக்கொண்டன. வலநோக்கிய அம்புக்கோ தொடக்கத்திலேயே இடமில்லை. சி மொழியில் நிரல் எழுதுவோர் இன்றும் சிறுகோட்டையும் பெரிதுக்குறியையும் இணைத்தே அம்பெனக் கொள்கின்றனர்.

1991-இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோடு முறை இக்குறை தீர்த்தது. அதில் அம்புகளுக்கென்றே 112 இடங்கள் கொண்ட பகுதியொன்று உளது. வலநோக்கிய அம்பின் எண் பதினறும முறையில் 2192. பதின்ம முறையில் 8594. அம்முறையிலேயே ககரம் 2965 என்றும் சகரம் 2970 என்றும் தத்தமக்குரிய எண் பெற்றுள்ளன. எழுத்துரு மாறினும் இவ்வெண்கள் மாறா.

தட்டெழுதும் வழிகளும் சில உள. சில சொற்செயலிகளில் 2192 என்று எழுதி, உடனே ஆல்ட், எக்ஸ் என்னும் விசைகளை ஒருங்கே அழுத்தின் அவ்வெண் அம்பாகும். விண்டோஸ் பொறியில் ஆல்ட் விசையை அழுத்தியவாறே வலப்புற எண்விசைகளில் 26 என்று தட்டுதலும் உண்டு. இணையப்பக்கம் ஆக்குவோர் உம்மைக்குறி, எண்குறி, 8594, அரைப்புள்ளி என்பவற்றை இடைவிடாது எழுதுவர்.

அன்றிரவே தோழரும் யாமும் அமர்ந்து ஒவ்வோர் அம்பையும் உரிய எண்ணுடைய அம்பாக மாற்றினோம். பின்னர்க் கட்டுரையைக் கைப்பேசிக்கும் வேறொரு கணிப்பொறிக்கும் அனுப்பிப் பார்த்தோம்; ககரம் எங்கும் சகரமாகவே திரிந்தது. நண்பர்காள்! நும் திரையிற் செவ்விதாய்த் தோன்றுவது கொண்டு அமையற்க. கட்டுரையை வெறும் எழுத்தாகப் படியெடுத்து ஒருமுறை நோக்குமின். அங்கும் அம்பு அம்பாகவே நிற்குமாயின், அது பிறரிடத்தும் குறி தவறாது சென்று சேரும்.