விடுமுறைக்குக் காத்திராத நோய்

பித்தம் என்னும் சொல் தமிழர் வாழ்வில் ஊறிய ஒன்று. தலை சுற்றினால் பித்தம் என்கிறோம். வாய் கசந்தாலும் பித்தம் என்கிறோம். அளவு கடந்த அன்பையும் பித்து என்றே சொல்கிறோம். ஆனால் அப்பித்தநீரைச் சேர்த்துவைத்து, நாம் நெய்யும் எண்ணெயும் உண்ணும்போது குடலுக்கு அளிக்கின்ற பித்தப்பையைப் பற்றி, அது நோவு தரும் வரையில் நினைத்துப் பார்ப்பவர் அரியர்.

காசியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் இந்த உறுப்பைப் பற்றிச் சிறிது கூடுதலாகவே அறிந்திருத்தல் வேண்டும். பித்தப்பைப் புற்றுநோய் தென்னாட்டில் அரிதாகவே காணப்படுவது. கங்கைச் சமவெளியிலோ நிலைமை வேறு. உத்தரப் பிரதேசம், பீகார், வங்காளம், அஸ்ஸாம், தில்லி ஆகிய பகுதிகளில் அது தென்னாட்டைவிடப் பன்மடங்கு மிகுதி. கடல் கடந்து நோக்கினால், தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் இதே நிலைதான். ஆடவரைக் காட்டிலும் பெண்டிரையே இது இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. நாள்பட்ட பித்தக்கற்கள், பித்தப்பையில் குடிகொள்ளும் டைபாய்டு கிருமி ஆகியவை இதனோடு தொடர்புடையவை என்பர் மருத்துவர்.

கல் உள்ளோர்க்கெல்லாம் புற்று வரும் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. கல் உடையவர் நூற்றுவரில் மிகச் சிலரையே இந்நோய் பற்றும். ஆனால் நோயுற்றோரை எண்ணிப் பார்த்தால், அவருள் பெரும்பாலோர்க்குக் கல் இருந்திருக்கும். கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருப்பினும், பையின் உட்சுவரில் 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சதைவளர்ச்சி இருப்பினும் மருத்துவர் கூடுதல் கவனம் கொள்வர்.

நம் சங்கத்து அம்மையார் இருவரின் நினைவு இவ்விடத்தில் எழுகின்றது. ஒருவர், வலப்பக்க விலாவின் கீழே நோவு எடுத்தவுடன் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கல் என்று அறிந்து, பித்தப்பையை நீக்கிக்கொண்டார். நீக்கிய பையைச் சோதித்தபோதுதான், அதன் தசையடுக்கு வரையில் புற்று புகுந்திருந்தது தெரிந்தது. உடனே மற்றோர் அறுவை செய்து, பித்தப்பையை ஒட்டிய கல்லீரற் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்றினர். ஆண்டுகள் ஒன்பது கடந்தன. இன்றும் பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கு நடுவராக அமர்பவர் அவரே.

மற்றவர்க்கும் அதே இடத்தில்தான் நோவு. ‘வாயுத் தொல்லைதான்’ என்றார். ஓமத் தண்ணீர் குடித்தார். கல் இருப்பது தெரிந்த பின்னும், ‘கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம், அக்கா துணைக்கு இருப்பாள்’ என்று நாளைத் தள்ளினார். விடுமுறை வருவதற்கு முன்னே கண்கள் மஞ்சளாயின. ஊருக்கு எடுத்த ரயில் சீட்டு அவருடைய பெட்டியிலேயே இருந்தது.

இருவர்க்கும் நோய் ஒன்றே. வேறுபட்டது, அது கண்டறியப்பட்ட காலம். பித்தப்பையின் சுவர் மெல்லியது; குடலுக்கு உள்ளதுபோல் எல்லா அடுக்குகளும் அதற்கு இல்லை. ஆகவே புற்று எளிதில் ஊடுருவி, அருகிலிருக்கும் கல்லீரலைத் தொட்டுவிடுகிறது. உட்படலத்தோடு நின்ற நிலையில் பையை மட்டும் நீக்கினாலே ஏறத்தாழ அனைவரும் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். சுவரைத் தாண்டினால் அவ்வாய்ப்பு குறைகிறது. நிணநீர்க் கணுக்களை அடைந்தால் மேலும் குறைகிறது. காமாலை தோன்றிய பின்னரோ, பெரும்பாலும் அறுவையே இயலாமற் போகிறது. புற்று முழுவதும் அகற்றப்பட்டதா, அறுவையின்போது பை கிழிந்து பித்தநீர் சிந்தியதா, நோயாளியின் உடல்வலிமை எத்தகையது என்பனவும் வருங்காலத்தைத் தீர்மானிக்கின்றன. அறுவைக்கு எட்டாத நிலையிலும் மருத்துவம் கைவிட்டுவிடுவதில்லை. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் பயன் 2010-இல் நிறுவப்பட்டது. 2022-இல் நோயெதிர்ப்பு மருந்து ஒன்றும் அவற்றோடு சேர்ந்தது. அவை வாழ்நாளை நீட்டுகின்றன. பெரும்பாலும் முற்றாகக் குணப்படுத்துவதில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். பித்தப்பை அறுவை முடிந்ததும், கற்களைச் சிறு புட்டியில் இட்டு வீட்டார் கையில் தருவர். நாமும் அதை ஒரு பொருட்காட்சி போல வருவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்வோம். கற்களைக் கேட்டு வாங்கும் நாம், பையின் சதை எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. அதனைச் சோதனைச்சாலைக்கு அனுப்புமாறு கேட்பதும், சில நாள் கழித்து அறிக்கையை வாங்கி மருத்துவரிடம் காட்டுவதும் நம் கடமை. புற்று மறைந்திருப்பதை அந்த ஒரு தாளே பலர்க்கு முதன்முதலில் உரைக்கிறது.

அறுவை என்றதும் ஊர் நினைவு எழுவது இயல்பே. உறவினர் சூழ, தாய்மொழி பேசும் மருத்துவர் கையில் படுத்திருப்பது ஒரு ஆறுதல். ஆயினும் இந்நோயை நாள்தோறும் கண்டு பழகிய கைகள் இவ்வட்டாரத்தில்தான் மிகுதி. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் மாளவியா பெயரால் அமைந்த புற்றுநோய் மையம் 2019-இல் திறக்கப்பட்டது. இலக்னோவிலும் தில்லியிலும் பெரிய நிலையங்கள் உள்ளன. பித்தப்பை இல்லாமல் எப்படி வாழ்வது என்ற அச்சமும் வேண்டா. பெர்லின் நகரில் லாங்கன்பூக் என்னும் அறுவை மருத்துவர் 1882-இல் முதன்முதலாக அதை நீக்கியது தொட்டு, எண்ணற்றோர் அஃதின்றி நலமே வாழ்ந்து வருகின்றனர்.

நம் இல்லங்களில் எல்லோரும் உண்டபின் உண்பவரும், தம் நோவைக் கடைசியில் சொல்பவரும் பெண்களே. அவர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது அதை அப்படியே ஏற்றுக்கொள்வது எளிது. அந்த எளிமையை விடுத்து, ‘வா, இன்றே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம்’ என்று உடன் கிளம்புவதே உண்மையான பரிவு. ஊருக்குப் போகும் வண்டி அடுத்த ஆண்டும் வரும்.