லாரி நுழையாத சந்து

தெற்கு தில்லியின் சங்கம் விஹாரில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. பாதாளச் சாக்கடை வராத காலத்தில் கட்டியவர்கள் வாசலடியிலேயே செப்டிக் டேங்கைப் புதைத்தார்கள். டேங்க் கழிவைச் சுத்தமாக்குவதில்லை. கசடை அடியில் தங்கவைத்து நீரை வெளியே தள்ளும். அதை உறிஞ்ச மண் வேண்டும். இங்கே மண் ஏது?

இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை கசடை அகற்றவேண்டும். பொங்கி வழியும்வரை யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை. உரிமம் பெற்ற வண்டிதான் உறிஞ்சவேண்டும் என்கிறது தில்லியின் 2018 விதிமுறை. லாரி நுழையாத சந்தில்?

உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடுக்கிறது. இருந்தும் இறங்குகிறார்கள், விஷவாயுவில் சாகிறார்கள். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக்கியது. அந்தப் பணத்தில், சந்தில் நுழையும் சின்ன வண்டி வாங்கியிருக்கலாமே!